இஷாவுக்குள்

வேதாளை ஐஸ் கம்பெனியில் பதினாலு வருஷம்.
செவுளைத் தொட்டதும் விரல் சொல்லிவிடும்
இந்த மீன் நேற்றா, முந்தாநாளா என்று.
அடுப்பில் ஒரு பானை எலும்பு மட்டும்
எனக்குப் புதுசு.

பரக்கத்நிஷா உச்சிப்புளியில்
பஸ் நிற்குமுன் இறங்கிக்
கணுக்கால் ஒடிந்தாள்.
மாவுக்கட்டு, ஆறு வாரம்.
கறிக்கடை சீனி முகம்மது
மாட்டு மூட்டெலும்பு ரெண்டு கிலோ, நல்லி நாலு,
காசு வாங்காமல் கட்டிக்கொடுத்தான்:
"எலும்புக்கு எலும்பு, மச்சான்."

கட்டிலில் இருந்தபடியே ஏவினாள்.
நுரையை எடு. தீயைக் குறை.
கொதிக்க வேண்டாம், சிணுங்கினால் போதும்.
லுஹர் தொழுதுவிட்டு ஏற்றியதை
மஃரிபு பாங்கில் இறக்கினேன்.
மிளகும் பட்டையும் வீடு நிறைய நின்றதில்
கடல்காற்று வாசலோடு திரும்பிப் போனது.

மூடி வைப்போம், காலையில் பார்ப்போம் என்றேன்.
"மேலே ஆறிப்போகும்.
நடுப்பானை விடிய விடிய வெதுவெதுன்னே கெடக்கும்.
அந்தச் சூட்டுலதான் அதுக குடும்பம் நடத்தும்.
அப்படியே தூக்கி ஃப்ரிட்ஜுல வச்சாலும்
பக்கத்துல இருக்க பாலையும் கெடுக்கும்.
இஷாவுக்குள்ள ஆறணும்."

அட, இது என் வேலை.

சைக்கிளில் கால் பார் ஐஸ், சாக்கில் சுற்றி.
வழியெல்லாம் சொட்டிக்கொண்டே வந்தேன்.
கொட்டாப்புளியால் உடைத்து அண்டாவில் போட்டு
வடிகட்டிய சாற்றை
வாயகன்ற சட்டிகள் நாலில் பிரித்து
அண்டாவில் இறக்கினேன்.
மீன் ஐஸ்; ஒரு சில்லும் உள்ளே விழக்கூடாது.
அகப்பையால் துழாவத் துழாவ
ஆவி மெலிந்து, மெலிந்து, நின்றுபோனது.
பள்ளிவாசல் மைக் கரகரத்தபோது
சட்டியின் அடியில் கை வைத்தேன்:
கிணற்றுத் தண்ணீர் மாதிரி.

காலையில் சாய்த்தால் சாயவில்லை.
சங்கின் உள்பக்கம்போல் வெளுத்த கொழுப்பு,
அதன் கீழே நடுங்கும் பழுப்புக் கண்ணாடி.
ஒரு சட்டி இந்த மூணு நாளுக்கு.
மீதி, டப்பாக்களில், ஃப்ரீசருக்கு.
தளும்ப ஊற்றிய ஹார்லிக்ஸ் பாட்டில்
அன்றிரவே விரிசல் விட்டது.
உறைந்தால் வீங்கும் என்று
ஐஸ்காரனுக்கு யார் சொல்லித் தர வேண்டும்?
டப்பாக்களில் விரலளவு இடம் விட்டேன்.
அவள் கட்டுக்கு வாங்கிய பிளாஸ்திரியில்
தேதி எழுதி ஒட்டினேன்.

ரெண்டாம் ராத்திரி கச்சான் வீசியது.
கம்பத்துப் பீங்கானில் உப்புப் பூத்து
பதினோரு மணிக்குப் போன கரண்ட்
மறுநாள் பகலில்தான் வந்தது.
சட்டியை எடுத்தால் நடுக்கம் இல்லை.
தண்ணீராய் ஆடியது.

"ஒரு கொதி விட்டா எல்லாம் செத்துப்போகும்"
மதிலுக்கு மேலே ஐனுல் பீவி மாமி.
மோந்து பார்த்தேன்.
நேற்றைவிட நல்ல வாசனை, சத்தியமாக.
கட்டிலிலிருந்து குரல்:
"மூக்கு மீனுக்கு. இதுக்கு மூக்கு பத்தாது.
கிருமி சாகும்,
அது கக்கிட்டுப் போன வெசம் சாகாது. கொட்டு."

தின்பதைக் கொட்டினால் பரக்கத் போய்விடும்
என்று வளர்ந்தவன் நான்.
பரக்கத்தே கொட்டச் சொன்னால்?

கொல்லை மணலில் குழி பறித்து ஊற்றினேன்.
காலைச் சுற்றிய பூனைக்கும் தரவில்லை.
அது என்னைப் பார்த்த பார்வையை
இன்னும் மாற்றிக்கொள்ளவில்லை.

ஃப்ரீசரில் மூன்று டப்பா.
திறக்கவே விடவில்லை அவள், கரண்ட் வரும்வரை.
தட்டினேன். கல்.
ஒன்றை மட்டும் எடுத்து உருக்கி
குமிழி புரளக் கொதிக்கவிட்டு
கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தேன்.
ஊதி ஊதி ஒரு வாய் குடித்தாள்.
கட்டுக்கால் தலையணை மேல், கண் மூடியிருந்தது.
கை கால் எல்லாம் ஓய்ந்து
ஒரு நல்ல வார்த்தைக்காக நின்றேன்.

"உப்பு பத்தல" என்றாள்,
கடலுக்கு இருநூறு அடி தள்ளிப்
படுத்துக்கொண்டு.