துணைக்கால்

ஆணையில் என் பெயருக்கு ஒரு துணைக்கால் இல்லை.
உச்சிமகாளி என்று அடித்திருந்தார்கள்.
கன்னடியன் கால்வாயில் இருபத்தோரு வருடம்
ஷட்டர் ஏற்றி இறக்கிய லஸ்கரை
பச்சை மையில் ஒரே கையெழுத்து
கரையேற்றிவிட்டது.

பொருள் இருந்தது, பார்வை இருந்தது,
நகல் யாருக்கென்று இருந்தது.
கேள்வி மட்டும் எங்கேயும் இல்லை.

நடந்தது இவ்வளவுதான்:
பிசானத்தில் தண்ணீர் சுருங்கிய மாதம்.
பதிவேட்டின்படி அன்று இரவு முறை கடைமடைக்கு.
மேல்மடைக்காக யாரோ பேசியிருக்கிறார்கள்.
எட்டரைக்கு உதவிப் பொறியாளர் போன் செய்தார், அடைத்துவிடு என்று.
எழுதித் தாங்க சார் என்றேன்.
அவர் எழுதவில்லை.
நான் அடைக்கவில்லை.
ஆறாம் நாள் நான் தண்ணீர் விற்றவன்.

வண்ணார்பேட்டையில் செருப்புக்கடை மாடியில்
வக்கீல் ஞானசெல்வி தாளைப் புரட்டிச் சிரித்தார்.
"குறிப்பாணை தந்தாங்களா? விசாரணை வச்சாங்களா?
ஒண்ணுமே இல்லையா? அப்ப நல்லதாப் போச்சு அண்ணாச்சி.
இது இயற்கை நீதிக்கு விரோதம்லா."

இயற்கை நீதி.
சேரன்மகாதேவி வந்து இறங்கும்வரை
நாக்கில் அந்தச் சொல் கிடந்தது.
ஆறுகூடச் சொல்லிவிட்டுத்தான் வரும்:
முந்தின நாளே தண்ணீர் செம்மண்ணாய்க் கலங்கும்,
படித்துறையில் நுரை ஒதுங்கும்,
சாரை மேட்டுக்கு ஏறும்.
அணை திறந்தால் சங்கு ஊதுவார்கள்.
எனக்கு ஊதியது வேறு சங்கு.

பிறகு மூன்று வருடம்
விடிவதற்கு முன் ஒத்தக்கடைக்குப் பயணம்.
எதிர்மனு வரவில்லை, வாய்தா.
அமர்வு மாறிவிட்டது, வாய்தா.
கோடை விடுமுறை.
ராத்திரியில் பத்தமடைக் கல்யாண மண்டபத்தில் காவல்,
மிஞ்சின ரசத்தைத் தூக்குவாளியில் கொண்டுவருவேன்.
செல்லக்கனியின் கம்மல் அடகுக்குப் போனதை
அரசுத் தரப்பு மறுக்கவில்லை.
மனுவில் யாரும் எழுதவும் இல்லை.

தீர்ப்பு ஒன்பது நிமிடம்.
நீக்கம் ரத்து. மீண்டும் பணி.
முறைப்படி விசாரிக்கத் துறைக்குத் தடையில்லை.
விட்டுப்போன சம்பளம் அந்த விசாரணையின் முடிவுக்கு உட்பட்டது.

"செயிச்சாச்சா?" போனில் செல்லக்கனி.
"என்கிட்ட கேக்கப்போறாங்களாம்" என்றேன்.
கொஞ்ச நேரம் அவள் பேசவில்லை.
"அதுக்கா மூணு வருசம்?"

இன்று குறிப்பாணை வந்தது,
பெயர் துணைக்காலோடு சரியாக.
பதினைந்து நாளில் விளக்கம் தரவேண்டும்.
ஷட்டர் திருகு துருப்பிடித்துக் கிடந்தது,
இத்தனை நாள் கிரீஸ் கண்டிருக்காது.
தடவிவிட்டு, கையைச் சாக்கில் துடைத்து,
மதகுச் சுவரில் தாளை வைத்து எழுதுகிறேன்:

ஐயா,
அன்று இரவு முறை கடைமடைக்கு.