வருகைப் பதிவு

ரோமாபுரிக்கு நாற்பத்தொரு பேர்.
பாக்தாத்துக்கு இருபத்தெட்டு; அன்று மழை.
அங்கோருக்கு முப்பத்தாறு,
பாதிப் பேர் போய் வந்த படங்களைக்
கைப்பேசியில் வைத்திருந்தார்கள்.
கடாரத்துக்குப் பதினொன்றே பேர்.
பாலம் தாண்டி ஒரு மணி நேரம் காரோட்டினால்
கல்லைத் தொட்டே பார்த்துவிடலாம் என்கிற ஊர் அது.

நான்தான் எண்ணுவேன். என்னைச் சேர்க்காமல்.
பீஷப் தெருச் சங்க மண்டபத்தில்
சனிக்கிழமை மூன்று மணிக்கு
நாற்காலி விரிப்பது, படக்கருவிக்கு வயர் செருகுவது,
கறிபாப் தட்டை மூடி வைப்பது என் வேலை.
மூடாவிட்டால்
கார்த்தேஜ் எரிவதற்கு முன்பே தீர்ந்துவிடும்.

மறைந்த மாநகரங்கள். எட்டுப் பொழிவுகள். அனுமதி இலவசம்.
முனைவர் அருள்மங்கை ஈப்போவிலிருந்து ரயிலேறி,
ஃபெரி பிடித்து வருவார்.
மலாயும் தமிழும் கலந்து பேசுவார்.
நகரம் சாகும்போது சத்தம் கேட்காது என்பார்.
முதலில் படகுக்காரன் வேறு துறைக்குப் போவான்.
பிறகு வட்டிக்காரன்.
கடைசியில்தான் எதிரி வருவான்,
பெயர் மட்டும் அவனுக்கு.

ஏர்கோனைக் கூட்டிக் குறைத்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன்.
பலர் அந்தக் குளிருக்காகவே வந்தவர்கள்.
அதில் தப்பில்லை.

எட்டாவது சனிக்கிழமை பூம்புகார்.
முதல் படம் திரையில் விழுந்துவிட்டது:
கடல். வேறொன்றும் இல்லை.
கோலகங்சார் பக்கம் தண்டவாளத்தில் மரம் விழுந்து
ரயில் நிற்பதாகச் செய்தி.
"பிடித்து வையுங்கள், வருகிறேன்."

பத்தொன்பது பேரும் கடலைப் பார்த்தபடி இருந்தோம்.

இருபது நிமிடம் கழித்து மைதீன் பாட்சா
யாரிடமும் இல்லாமல் சொன்னார்:
இந்த மண்டபம் முன்னே கயிற்றுக் கிடங்கு.
இல்லை, என்றார் பின்வரிசை மதாம் ஊய் லெங்.
கிடங்கு எதிர்ப்பக்கம். இது பல் கட்டுகிற கடை.
என் கடைவாய்ப் பல் இங்கேதான் போனது.
வாயைத் திறந்தும் காட்டினார்.
துறைமுகக் கிராணி செபஸ்தியான் எழுந்தார்:
பல் கடை எழுபத்தொன்பதில் வந்தது.
அதற்கு முன் இரண்டு வருஷம் சேவல் விற்றார்கள்.
சேவலா? இந்தத் தெருவிலா?

யாரோ என் கையிலிருந்த பதிவேட்டைப் பிடுங்கினார்கள்.
பின்பக்கத்தில் தெரு முளைத்தது.
சாக்கடை எந்தக் கரையில் என்பதில் இரண்டு கட்சி.
சலவைக்கடையை ஒருவர் வரைய, மற்றவர் அடித்தார்.
கறிபாப் எண்ணெய் பட்டு
மூலைக் கட்டடம் ஒன்று கரைந்தது.
எழுபத்தொன்பது என்ன, போன வாரம் மாதிரி.
அதற்குள் ஐந்து கடை மூழ்கியிருந்தது,
ஓர் அலைகூட வராமல்.

முனைவர் வந்தபோது ஆறு மணி.
தலை நனைந்திருந்தது. மேடைக்குப் போகவில்லை.
குனிந்து வரைபடத்தைப் பார்த்தார்,
நிறைய நேரம்.
"சேவல் விற்றவர் பெயர் என்ன?"
யாருக்கும் தெரியவில்லை.
அந்தக் கட்டத்துக்குள் ஒரு கேள்விக்குறி போட்டு
மிச்சமிருந்த ஒரே கறிபாப்பை எடுத்துக்கொண்டார்.

எல்லாரும் போன பிறகு
திரையில் இன்னும் அதே கடல். அணைத்தேன்.
வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததில்
எல்லாரும் ஒப்புக்கொண்ட இடம் ஒன்றே ஒன்று,
மதாமின் பல்.

செயலாளருக்குக் கணக்குக் கொடுக்கவேண்டும்.
முன்பக்கத்தில் எழுதினேன்:
பூம்புகார், பத்தொன்பது. பொழிவு நடக்கவில்லை.
கடைசிச் சொல்லை அடித்தேன்.
எண்ணையும் அடித்து
இருபது என்று போட்டேன்.