முப்பத்தேழாம் கேள்வி

முதலில் குளிர்பெட்டியின் செருகியைப் பிடுங்கச் சொன்னாள்,
அதன் முனகல் ஒலிப்பதிவில் விழும் என்று.
பிறகு சுவர்க்கடிகாரம்.
பிறகு நாயை வெளியே விட்டார்கள்.
கதவுக்கு அப்பால் நின்று அது
மழையைப் பற்றிக் கொஞ்ச நேரம் முறையிட்டது.

போகுமிவா, போலந்தில் லூப்ளின் நகரத்துக்காரி.
ஐரிஷ் மொழியை முதலில் புத்தகத்தில் கற்று,
பிறகு கனவில் கற்று,
கடைசியாகத்தான் மனிதர்களிடம் வந்தவள்.
கானமாராக் கரையில் இது பதினோராவது வீடு.
எதிரே பார்த்லா,
சால்மன் பண்ணையில் வலை மாற்றுகிறவர்.
கழுவிய பிறகும் கையில் உப்பு.

இந்த மொழியில் ‘ஆம்’ இல்லை.
‘இல்லை’யும் இல்லை.
கேட்ட வினையையே திருப்பிக் கொடுக்க வேண்டும்.
கண்டாயா என்றால் கண்டேன்.
வருவாயா என்றால் வரமாட்டேன்.
சும்மா ஒரு ம் கொட்டித் தப்ப முடியாது,
வினைச்சொல் ஒன்றையாவது செலவழித்தாக வேண்டும்.

எதையும் யாரும் உடைமையாக வைத்துக்கொள்வதும் இல்லை.
படகு என்னிடம் இருக்கிறது,
பசி என்மேல் இருக்கிறது,
வந்து பக்கத்தில் நிற்கிறது எல்லாம்,
அவ்வளவுதான்.

கேள்வி முப்பத்தேழு:
உன்னிடம் சகோதரன் இருக்கிறானா?

தாளில் இரண்டு கட்டங்கள்.
இருந்தால் ‘தா’.
இல்லாவிட்டால் ‘நீல்’.
சகோதரன் அங்கே வந்ததே
அந்தச் சொல்லில் ரகரம் எப்படித் தேய்கிறது என்று பார்க்கத்தான்.
பசு என்று கேட்டிருக்கலாம், படகு என்று கேட்டிருக்கலாம்.
அவற்றில் ரகரம் இல்லை.

பார்த்லா ஜன்னலுக்கு வெளியே கடலைப் பார்க்கவில்லை
(நானாக இருந்தால் அப்படித்தான் எழுதியிருப்பேன்).
மேசைவிரிப்பில் பிரிந்த நூலொன்றை
இழுத்துக்கொண்டே சொன்னார்:
வீ.

இருந்தான்.

பென்சில் இரண்டு கட்டங்களுக்கும் நடுவில் நின்றது.
பிறகு முப்பத்தெட்டு:
வைக்கோல் காய்ந்துவிட்டதா?
காயவில்லை என்றார்,
சரியான காலத்தில், சரியான வினையில்.

தமிழில் எழுதினால் அது ஒற்றை எழுத்து.
என் அகராதியில் முதல் பொருள் பூ,
கொஞ்சம் கீழே, சாவு.
பார்த்லாவுக்கு இது தெரியாது.
தெரிந்தும் ஆகப்போவது ஒன்றுமில்லை.

மறு வருடம் ஜூலை, சாவோ பாவ்லோ.
நகோயாவிலிருந்து, ஹாலிஃபாக்ஸிலிருந்து, புடாபெஸ்டிலிருந்து
வந்து கூடியவர்கள்
பெரும்பாலும் தங்கள் தாய்மார் அறியாத மொழியில்
காப்பி கேட்டார்கள், சண்டை போட்டார்கள்,
ஆறாம் நூற்றாண்டில் உதிர்ந்துபோன ஒரு விகுதிக்காக
ஒருவர் எழுந்து வெளியே போனார்.
திரையில் வீ,
கரும்பட்டைகளாக, இடமிருந்து வலம்.
உயிரொலி நானூற்றுப் பன்னிரண்டு மில்லிநொடி,
மற்ற பதில்களைவிட இருமடங்கு.

ஹிசானோ என்கிற பேராசிரியை கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்:
முடிவில் சாம்பல்நிறமாகப் படிந்திருக்கிறதே,
அது மைக்கின் கோளாறா?
இல்லை, மூச்சு, என்றாள் போகுமிவா.
அடுத்த படத்துக்குப் போக வேண்டிய விரல்
போகவில்லை சற்று நேரம்.
ஹிசானோ எதையோ குறித்துக்கொண்டார்.

ஆய்வேட்டில் அதற்கு ஓர் அடிக்குறிப்பு கிடைத்தது:
பதில் வினாவின் காலத்தோடு பொருந்தவில்லை,
கணக்கில் சேர்க்கப்படவில்லை.

அந்த இரவைப் பற்றி அதில் இல்லை.
வீட்டிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளி
பெட்ரோல் நிலையத்தின் வெள்ளை விளக்கடியில்
திடுக்கென்று நினைவு வந்து, போன் செய்தாள்.
குளிர்பெட்டியைச் செருகினீர்களா?
உள்ளே நேற்றுப் பிடித்த அயலை இருந்ததே.

செருகினேன் என்றார்.

அவர் போனை வைக்கவில்லை.
இவளும்.
அந்தப் பக்கம், முனகல்.