ஏழாவது

எர்னி செல்லர் எனக்கு
எண்ணூற்றைம்பது ரூபாய் தரவேணும்.
தொண்ணூற்று மூன்றாம் ஆண்டுக் கணக்கு:
வெற்றுக் கசெட் பதினாலு, கிற்றார்க் கம்பி ஒரு செட்.
"மறுகா தாறன் மனே" என்று போனவர்
போன மாசியில்
டச்பார் வீட்டுக் கட்டிலில், குறுக்கே,
சப்பாத்தும் கழற்றாமல்
முடிந்துபோனார்.

பிணையாக வாங்கிய கசெட்டுகள் கோட்டைமுனைக் கடையில்
கலியாண வீடியோக்களுக்குப் பின்னால்
பிஸ்கட் தகரத்தில் இருந்தன,
ஈரத்துக்கு ஒரு பிடி அரிசியோடு.
மெல்பனிலிருந்து மகள் காசு அனுப்பினாள்.
"டடாட புளூஸ் மட்டும் போடுங்க அங்கிள். பைலா வேணாம்."
பைலாதான் உன்னைப் படிப்பித்தது என்று
நான் பதில் எழுதவில்லை.

பத்துப் பாட்டு லேசாய் முடிந்தது.
பாசிக்குடா ஹோட்டலில் ஓர் இரவு
மூன்றாம் கம்பியைத் தள்ளித் தள்ளி
சுரத்துக்கு மயிரிழை கீழே நிறுத்திவைத்திருக்கிறார்,
தொடவும் இல்லை, விடவும் இல்லை.
பரிமாறின பெடியன் கிளாசைப் போட்டுடைத்தான்.
உடைந்த சத்தம் எந்தச் சுருதியோ
அதே சுருதியில் எர்னி மறுமொழி சொன்னார்.
அதை வெட்டாதே என்றேன்.

அட்டையில் பாடுமீன் போடலாமா என்று
கொழும்பில் கேட்டார்கள்.
எர்னி மீன் தின்றவர்.
பாடிக் கேட்டவரில்லை.

ஏழாவதில்தான் நின்றது.
"இது வெறும் கசெட் அங்கிள், ஒண்டும் இல்லை"
என்றான் சவுண்ட் என்ஜினியர் ருவந்த.
ஊரில் கரண்டே இல்லாத காலம் அது.
மின்கிற்றாரை மடியில் வைத்திருக்கும் மனுசன்
கரண்டில்லாத ஊரில் என்ன செய்வான்?
ஊரடங்கு. கடையின் பின்னறை.
டோர்ச் பற்றரி ஆறு போட்ட ரெக்கோடர்.
மூலையில் ஊமையாய் அம்ப், அதன்மேல் குப்பிவிளக்கு.
நாடியைக் கிற்றார் மரத்தில் ஊன்றி
எலும்புவழியே கேட்டுக்கேட்டு வாசித்தார்.
எதிரே இருந்த எனக்கு
விரல்கள்தான் தெரிந்தன.

சத்தத்தை ஏற்று என்றேன்.
இன்னும்.
இன்னும் கொஞ்சம்.
முதலில் இரைச்சல். பிறகு தவளை.
தூரத்தில் கல்லடிப் பாலத்தில்
ட்ரக் ஒன்று ஏறுகிற தகரச் சத்தம்;
அது கடக்குமட்டும்
கம்பிகளை உள்ளங்கையால் பொத்திக்கொண்டிருக்கிறார்.
மறுகா, விட்ட இடத்திலிருந்து,
நகம் கண்ணாடியில் பட்டாற்போல
ஒவ்வொன்றாய்.
அன்றைக்குப் பார்த்த பாட்டை
முப்பது வருசம் கழித்துக் கேட்டேன்.

கடைசியில் என் குரல், இளசாக:
"என்ன அண்ணே, இவ்வளவு கவலை?"
"கவலை இல்லை மனே, கடன்."
அவர் சிரிக்கிறதோடு பற்றரி இறங்கி
சிரிப்பு இழுபட்டுத் தடித்து நிற்கிறது.
ருவந்த என் முகத்தைப் பார்த்துவிட்டு
ஒன்றையும் வெட்டவில்லை.

அட்டையின் பின்பக்கத்துக்கு
நான் கொடுத்தது ஒரே வரி:
ஏழாவதுக்கு ஃபேனை நிப்பாட்டிப்போட்டுக் கேக்கவும்.

சீடி ஒன்று ஆயிரத்து இருநூறு.
ஒன்றை எனக்கென்று எடுத்துவைத்து
கணக்குக் கொப்பியை விரித்தேன்.
கழித்துப் பார்த்தால்
நான்தான் அவருக்கு
முன்னூற்றைம்பது தரவேணும்.