நிமிடத்துக்கு எத்தனை லிட்டர்

சூலூரில் கம்பெனி. பம்பு விற்க வந்தவன் நான்.
சேன்-ஆந்த்ரே பக்கம் ஒரு கரும்புக்காடு,
புயல் போன மறுவாரத்து வாய்க்கால்,
புட்வால்வில் சோகை அடைத்துக்கொண்டது.
பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கினேன்.
குதிகாலில் புதுச் செருப்பு கடித்த புண்,
பட்டாணி அளவு.
அதையெல்லாம் யார் கணக்கில் வைக்கிறார்கள்.

தண்ணீர் தள்ளியது. முதலாளி ரெமி கைதட்டினார்.
ஒன்பதாம் நாள்
கெண்டைக்காலை யாரோ ஈரத்துணிபோலப் பிழிந்தார்கள்.
கண் சிவந்தது. பிறகு மஞ்சள்.
பிறகு இரண்டு நாள்
சொட்டு இல்லை.

சேன்-தெனி ஆஸ்பத்திரியில்
என் ஆங்கிலம் டாக்டருக்குப் போதவில்லை.
இரண்டு கையையும் காதுகளாக்கித் தலையில் வைத்து
மூக்கைச் சுருக்கி முன்பல் காட்டினார்.
எலி.
வாய்க்காலில் அது பெய்துவிட்டுப் போக
எனக்கு நின்றுவிட்டிருக்கிறது.

நர்ஸின் சட்டையில் மிரேய் மூத்தூசாமி என்று இருந்தது.
ஆசையாக, "எந்த ஊருங்க?" என்றேன்.
புரியாமல் சிரித்தாள்.
மணிக்கொரு தரம் குடுவையோடு வந்து
"பிப்பி?" என்பாள்.
அதற்குமேல் எங்களுக்குப் பேச ஒன்றுமில்லை.

இருபத்திரண்டு வருஷம்
அடுத்தவன் கிணற்றைப் பார்த்து
நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று கேட்டவன்.
டயாலிசிஸ் மெஷினில் ஒரு உருளை
குழாயை நசுக்கி நசுக்கி என் ரத்தத்தைத் தள்ளுகிறது.
கண்ணை மூடிக் காது கொடுத்தேன்.
இருநூறு மில்லி இருக்கும்.
பேரிங் லேசாகத் தேய்ந்திருக்கிறது.
சொல்லலாமா என்று பார்த்தேன்.
கழற்றிப் பார்க்கிறேன் என்று நிறுத்திவிட்டால்?

வீட்டுக்குப் போன் போட்டு
கமிஷனிங் இழுக்குது, பத்து நாள் ஆகும் என்றேன்.
"வெயில் ஊருன்னீங்களே,
தண்ணி நெறையக் குடிங்க" என்றாள் மேகலா.
ஒரு நாளைக்கு அரை லிட்டர்தான் கணக்கு.
சரி என்றேன்.
உதட்டில் ஈரப்பஞ்சு வைத்துக்கொண்டு
இன்னொரு தரமும் சரி என்றேன்.

பதினோராம் நாள் விடிகாலை.
ஏர்லாக் விட்ட லைன்போல
அடிவயிற்றில் ஒரு இளக்கம்.
கொஞ்சம் வந்தது, நின்றது, வந்தது.
பால் விடாத டீயின் நிறம்.
மிரேய் குடுவையை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கினாள்.
ராத்திரி முழுக்கப் பெய்த மழை
கூரைக் குழாயில் இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது,
அளப்பாரில்லாமல்.

நாற்பது என்று எழுதினாள்.
கோட்டை நானும் எட்டிப் பார்த்தேன்.
முப்பத்தெட்டுதான்.
திருத்தவில்லை.