ஐம்பதுக்கு ஐம்பது

துணி வந்ததும் முதலில் ஒரு சதுரம் போடுவோம்.
ஐம்பதுக்கு ஐம்பது சென்டிமீட்டர்,
அழியாத மையில்.
மூன்று வாஷ். ட்ரையர்.
நாலு மணி நேரம் மேசையில் சும்மா கிடக்கவிட்டு
மறுபடி டேப் வைத்தால்
சதுரம் சதுரமாக இருக்காது.
நீளத்தில் நூற்றுக்கு ஐந்து வரை பரவாயில்லை.
அதற்கு மேல் போனால் லாட்டே திரும்பிப் போகும்.

பெருமாநல்லூர் ரோட்டுக் கம்பெனி ஒன்றின் லேபில்
பத்தொன்பது வருசமாக இதுதான் என்ற சோறு.

நேற்று நைட் ஷிப்டில் கரண்ட் போச்சு.
ஜெனரேட்டர்காரன் டீசலுக்கு ஓடின நேரத்தில்
ஜுனு என்னைச் சுவரோரம் நிறுத்தினாள்.
ஒடிசாக்காரப் பிள்ளை,
நான் இங்கே சேர்ந்த வருசம் பிறந்தவள்.
"சீதா, அக்கா, சீதா" என்றாள்.
எந்தச் சீதா என்று திரும்பிப் பார்த்தேன்.
நேராக நில் என்பதற்கு அவள் பாஷையில் அப்படியாம்.

செல்போன் வெளிச்சத்தில் டேப்
நூற்று ஐம்பத்திரண்டில் நின்றது.
ஜாதகத்துக்குப் பின்னால் மாமன் எழுதின உசரம்
அஞ்சடி ஒரு இன்ச்சு,
அதாவது நூற்று ஐம்பத்தைந்து.
மனசுக்குள் வகுத்துப் பார்த்தேன்.
நூற்றுக்கு இரண்டுக்கும் கீழே.
பாஸ்தான் தாயே.

ஆனால் நிட் துணிக்கு ஒரு புத்தி உண்டு,
நீளத்தில் விட்டதை அகலத்தில் பிடிக்கும்.
இடுப்பை அளக்க ஜுனு குனிந்தாள்.
போடி அக்கட்டால என்று டேப்பைப் பிடுங்கிக்கொண்டேன்.

சார்ட்டில் மூன்று வாஷ் என்று இருக்கிறது.
எனக்கு எத்தனை ஆச்சோ.

பதினோரு வயசில் ஒரு கோடை முழுக்க
ராத்திரியானால் கெண்டைக்கால் குடையும்.
அம்மா விளக்கெண்ணெய் தேய்த்துவிட்டு
காலையில் பாவாடையின் டக்கு ஒன்றை அவிழ்ப்பாள்.
அவிழ்த்த இடத்தில் மட்டும்
வெயில் படாத பழைய நீலம்
ஒரு கோடாக நிற்கும்.
நாலு கோட்டுப் பாவாடையோடு போனால்
ஊத்துக்குளிப் பள்ளிக்கூடமே என்னை எண்ணும்.
சதாசிவம் வயிற்றிலிருந்து இறங்கின பிறகு
அந்தக் கோடுகளை அடிவயிற்றில் பார்த்தேன்,
யாரோ உள்ளிருந்து டக்கு அவிழ்த்த மாதிரி.
அவனுக்கு மூணு மாசம். நான் மறுபடி மெஷினில்.
பக்கத்து லைனில் யார் பிள்ளையோ அழுதது,
இல்லை, பெல்ட் கிறீச்சிட்டதோ என்னவோ,
மார்பு அதைப் பிள்ளை என்றே எடுத்துக்கொண்டது.
மடியில் கிடந்த வெள்ளை பனியன் ஆறு
பாலில் நனைந்து ரிஜெக்ட்.
சனிக்கிழமைக் கூலியில் பதினெட்டு ரூபாய் பிடித்தார்கள்.

அது வற்றியது எந்த நாள் என்று தெரியவில்லை.
மற்றது நின்ற நாளும் தெரியவில்லை.
அடுத்த மாசம் வரும் என்று
பையில் துணி வைத்தே நடந்தேன் ஒரு வருசம்.
கணவாய்க் காற்று தகரத்தைப் பிய்க்கிற ஆடியில்
ஊரே காதில் துண்டு கட்டிப் போக
எனக்கு மட்டும் கழுத்தில் வேர்த்து ஓடியது.

கேட்டில் காட்டுகிற அட்டையில்
முப்பத்தெட்டு வயசு முகம்.
வாட்ச்மேன் அவளைப் பார்த்துத்தான் உள்ளே விடுகிறார்.

வலது முட்டி உள்ளே திரும்பிவிட்டது.
இதற்கும் டெஸ்ட் உண்டு:
துவைத்த பனியனில் பக்கத் தையல் முறுக்கி
வயிற்றுக்கு வந்து நிற்கும்.
தைத்தவள் குற்றமில்லை. நூலிலேயே முறுக்கு.
என்ற அப்பனும் இப்படித்தான் நடந்தார்.

ரேஷன் கடை மெஷினில் என்ற ரேகை விழுவதில்லை.
பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்து ஓய்ந்து
கடைக்காரப் பெண் கையெழுத்து வாங்கிக்கொள்கிறாள்.
அதே விரலில் துணியைத் தேய்த்து
நூற்று அறுபது ஜிஎஸ்எம்மா, எழுபதா,
தராசுக்கு முன்னே சொல்லிவிடுவேன்.
இருபதில் இது எனக்குத் தெரியாது.
எங்கே போய் எங்கே வந்ததோ.

"இப்போ எனக்கு" என்று ஜுனு சுவரில் ஒட்டினாள்.
பத்தொன்பது முடிந்தும்
இன்னும் உசரமாகலாம் என்று அவளுக்கு ஆசை.
உச்சியில் ஸ்கேலை வைத்தேன்.
தலை கதகதவென்று இருந்தது.
குதிகால் அரை சென்டிமீட்டர் தூக்கியிருந்தது.

சார்ட்டில் டாலரன்ஸ் ஒன்று வரைக்கும் உண்டு.
அழியாத மையில்
கோடு போட்டேன்.