பன்னிரண்டு

இரண்டே முக்காலுக்குப் பால் வண்டி
அடிவாரம் செக்போஸ்ட்டைத் தாண்டும்.
தாண்டியதும் ஃபோன் வரும்.
ஸ்பீக்கரில் போட்டு
ஜவ்வரிசி டப்பாவின் மேல் சாய்த்து வைப்பேன்.

பேச எங்களுக்கு ஒன்றும் கிடையாது.
பேசித் தீர்த்துவிட்டோம் என்றில்லை,
எந்த நேரத்திலும் இரண்டு பேரில் ஒருவர்
வேலையில் இருப்போம், மற்றவர் தூங்கிக்கொண்டிருப்போம்.
அதனால் எண்ணச் சொன்னேன்.
வளைவுக்கு வளைவு பலகையில் போட்டிருக்கிறதே நம்பர்,
அதைச் சத்தமாகப் படி, போதும்.

ஒன்று, என்பான் மாதேசு.
நான் ஒரு சலங்கையைக்
கொலுசு வளையத்தில் மாட்டிக்
குறட்டால் நெருக்குவேன்.
ஒரு காலுக்கு இருபது சலங்கை.
ஏற்காட்டுக்கும் இருபது வளைவு.
தற்செயல்தான், நான் அமைத்ததில்லை.

பகலெல்லாம் லீ பஜாரில்
லாரி புக்கிங் ஆபீஸில்
மஞ்சள் மூட்டைக்கும் புளி மூட்டைக்கும் பில் எழுதுகிறவன்.
ஒன்பதுக்குப் படுத்து ஒன்றுக்கு எழுகிறவன்.
ஞாயிற்றுக்கிழமை லீவு, அது லாரி ஆபீஸுக்கு.
மலையில் ஞாயிற்றுக்கிழமைதான்
டீ அதிகம் குடிக்கிறார்கள்.

நான் பள்ளிக்கூடச் சத்துணவில்
முட்டை எண்ணுகிறவள்.
மத்தியானம் முட்டை, ராத்திரி வெள்ளி.

அன்றைக்குப் பதினொன்று என்றான்.
மாட்டினேன்.
அடுத்ததைக் கையில் எடுத்து வைத்திருந்தேன்.
என்ஜின் கேட்டது.
பால் ட்ரேக்கள் ஒன்றையொன்று உரசுவது கேட்டது.
எப்போதும் அடிக்கிற ஹாரன் கேட்கவில்லை.
பிறகு அந்த மூச்சு.
இழுத்து, கொஞ்சம் நின்று,
உதட்டோரம் புஸ்ஸென்று வெளியே விடுகிற மூச்சு.
கல்யாணமாகி எட்டு வருஷம்
என் வலது காதுக்குத் தெரிந்த மூச்சு.

கத்த வாயெடுத்தேன்.
திடுக்கிட்டு ஸ்டீயரிங்கை ஒடித்துவிட்டால்?
கத்தாமல் விட்டால்?
இந்த இரண்டுக்கும் நடுவில்
எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன், தெரியாது.
நிவிதா புரண்டு
என் மடியில் காலைப் போட்டாள்.

பதிமூன்று, என்றான்.

பன்னிரண்டு எங்க?

சிக்னல் போயிருச்சு புள்ள.

ஆமா, என்றேன். அங்க எப்பவும் போகும்.

அந்த வளைவை யார் திருப்பினார்கள்?
கை திருப்பியிருக்கும்,
முன்னூறு ராத்திரி திருப்பின கை,
தலை தூங்கினாலும் அதற்குத் தெரிந்திருக்கும்.
அவனைக் கேட்டால் சாமி என்பான்.
ஒன்பதாயிரம் சம்பளம் சாமி வாங்குவதில்லை.
அந்தப் பணம் வந்தால்தான்
ஐந்தாம் தேதி வாடகை,
பத்தாம் தேதி குழுக்காரி.
இதெல்லாம் எனக்குத் தெரியும் என்பதால்தான்
ஆமா என்றேன்.
வேண்டாம், அந்த வண்டியை விட்டுடு
என்று சொல்கிற பெண்டாட்டியாக
ஒரு நிமிஷம் இருந்து பார்த்தேன்.
அடுத்த நிமிஷம்
பதினான்கு, என்றான்.

வியாழக்கிழமை பனங்காட்டுப் பட்டறையில்
அருணகிரி ஒரு ஜோடியைத் தூக்கி
விளக்குக்கு நேராகப் பிடித்தார்.
இடது இருபது, வலது பத்தொன்பது.
என்னம்மா இது?

கரண்ட் போயிருச்சுங்க.

அவரும் ஆமாம் என்றார்.
ஆமாம் என்றபடியே
நூற்றி இருபது ரூபாய் பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து பாயை உதறினேன்,
டப்பாவைக் கவிழ்த்தேன்,
நிவிதாவின் பாவாடை மடிப்பைக்கூடப் பிரித்துப் பார்த்தேன்.
இல்லை.

நேற்று மலையில் மழை.
வைப்பர் சத்தத்துக்கு நடுவே
பத்து என்றான், பதினொன்று என்றான்.
பன்னிரண்டு என்றான்,
கீழே யாரையோ கூப்பிடுகிற மாதிரி.
நான் கேட்காமலே
இன்னொரு தரமும்
பன்னிரண்டு என்றான்.

நான் ஒரு சலங்கைதான் மாட்டினேன்.